எச்சில் கொல்வதில்லை

விலங்குகள் பற்றிய தொலைக்காட்சிப் படங்களைப் பார்க்கிறவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. இந்தோனேசியாவின் வறண்ட தீவொன்றில் பிரம்மாண்டமான உடும்பு ஒன்று எருமையின் பின்னங்காலைக் கடிக்கிறது. எருமை உதறிவிட்டு ஓடுகிறது. உடும்பிடம் அவசரமே இல்லை. அதன் வாயிலிருந்து ஒழுகும் எச்சிலைக் கேமரா நெருங்கிக் காட்ட, பின்னணிக் குரல் விளக்குகிறது: அழுகிய பிணங்களைத் தின்று தின்று அந்த வாய் கொடிய பாக்டீரியாக்களின் கூடாரமாகிவிட்டது, ஒரு கடி போதும், காயம் சீழ்பிடிக்கும், கிருமி ரத்தத்தில் கலக்கும், சில நாள்களில் எருமை தானாகச் சாயும், அதுவரை உடும்பு பின்னாலேயே போய்க்கொண்டிருக்கும். பொது அறிவுத் துணுக்குகளிலும் யூடியூப் காணொளிகளிலும் இந்தக் கதைதான் திரும்பத் திரும்ப வருகிறது. கொமோடோ டிராகன் என்றதும் 'அழுக்கு வாய்' என்று பள்ளிப் பிள்ளைகள்கூடச் சொல்கிறார்கள்.

இந்தக் கதை தவறு. ஏதோ ஓரத்தில் ஒரு விவரம் பிசகிவிட்டது என்று விட்டுவிடக்கூடிய தவறல்ல, அடிப்படையே தவறு. உலகத்தின் மிகப் பெரிய பல்லியினம் எப்படி வேட்டையாடுகிறது, எப்படி உயிர் வாழ்கிறது என்பதைத் தலைகீழாகக் காட்டுகிற தவறு. இதை மறுக்கும் ஆய்வுகள் வெளிவந்து பத்தாண்டுகளுக்கு மேலாகியும் பழைய கதை அப்படியே ஓடிக்கொண்டிருப்பதுதான் என்னை எழுத வைக்கிறது.

கதை எங்கே பிறந்தது என்று முதலில் பார்த்துவிடுவோம். கொமோடோ, ரிஞ்சா, ஃப்ளோரஸ் தீவுகளின் மக்களுக்கு இந்த விலங்கைக் காலங்காலமாகத் தெரியும்; 'ஓரா' என்று அழைப்பார்கள். அறிவியல் உலகுக்கு இது 1910-க்குப் பிறகுதான் வந்து சேர்ந்தது. அந்த ஆண்டு ஃப்ளோரஸில் இருந்த டச்சு அதிகாரி ஸ்டைன் ஃபான் ஹென்ஸ்புரூக் ஒரு தோலையும் புகைப்படத்தையும் ஜாவாவுக்கு அனுப்பினார். போகோர் அருங்காட்சியகத்தின் பீட்டர் ஆவென்ஸ் 1912-இல் அதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். முறையாக உட்கார்ந்து கவனித்து எழுதியவர் அமெரிக்கரான வால்டர் ஆஃபன்பெர்க். 1969-இல் குடும்பத்தோடு கொமோடோ தீவுக்குப் போய், ஓராண்டுக்குச் சற்றேறக்குறைய அங்கேயே தங்கினார். 1981-இல் அவர் வெளியிட்ட நூல் இன்றைக்கும் இந்த விலங்கைப் பற்றி எழுதுபவர்கள் தொடாமல் போக முடியாத நூல். கடிபட்டுத் தப்பிய எருமைகள் காயம் புரையோடிச் சாவதை அவர் கண்டார். எச்சிலில் கிருமிகள் இருப்பதையும் கண்டார். இரண்டையும் சேர்த்து, இந்தக் கிருமிகளுக்கு வேட்டையில் ஒரு பங்கு இருக்கலாம் என்ற கருத்தை முன்வைத்தார்.

ஆஃபன்பெர்க்கைக் குறைசொல்ல நான் வரவில்லை. கண்ணால் பார்த்ததை நேர்மையாக எழுதினார், அதிலிருந்து ஒரு யூகத்தைச் சொன்னார். பின்னால் வந்தவர்கள் அந்த யூகத்தைச் சோதிக்காமல் உண்மையாக்கிவிட்டார்கள். அவர் நூலிலேயே மான்களும் பன்றிகளும் அந்த இடத்திலேயே, கண்ணெதிரே கொல்லப்படுவது பற்றிய விவரிப்புகள் உண்டு. அவற்றை யாரும் துணுக்காக்கவில்லை. எருமைதான் எல்லோர் மனதிலும் தங்கியது.

ஆகவே எருமையிடமே போவோம். கொமோடோ, ரிஞ்சா தீவுகளுக்கு எருமையைக் கொண்டுபோனவர்கள் மனிதர்கள். முழு வளர்ச்சியடைந்த ஆண் கொமோடோ 3 மீட்டர் வரை நீளும். வயிற்றில் இரை இல்லாதபோது எடை 70 கிலோவை ஒட்டியிருக்கும். வளர்ந்த எருமை அதைப்போலப் பல மடங்கு கனம். உடும்பு அதன் மீது பாய்ந்தால் எட்டுவது கால்தான். காலில் ஆழமாகக் கிழிபட்டாலும் எருமை தன் எடையால் உதறித் தப்பிவிடுகிறது. தப்பிய எருமை எங்கே போகும்? தண்ணீருக்குத்தான், அது எருமையின் இயல்பு. சதுப்பு நிலங்களில் வாழும் எருமைக்கு விரிந்த நீர்ப்பரப்பு கிடைக்கும். இந்தத் தீவுகளில் வருடத்தில் பாதிக்கு மேல் வறட்சி. அங்கே அதற்குக் கிடைப்பது வெயிலில் வெதுவெதுப்பாகிப்போன, ஆழமில்லாத, எருமைகளே சாணமும் மூத்திரமும் கழித்துக் கலக்கிய குட்டை. திறந்த காயத்தோடு அந்தச் சாணிச் சேற்றில் மணிக்கணக்கில் நின்றால் காயம் அழுகாமல் வேறென்ன செய்யும்? நம் ஊரில் மாடு வளர்க்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், காயம்பட்ட காலோடு மாட்டைச் சேற்றில் இறக்கக்கூடாது என்று. அந்த எருமையைக் கடித்தது உடும்பு. காயத்தை அழுகவைத்தது குட்டை. பழியும் பெருமையும் சேர்ந்து உடும்பின் எச்சிலுக்குப் போய்விட்டது.

பிபிசி 2009-இல் எடுத்த 'லைஃப்' தொடரில் கடிபட்ட எருமையொன்று மெல்ல மெல்லச் சாவதை வாரக்கணக்கில் காத்திருந்து படமாக்கினார்கள். உண்மைக் காட்சிதான். ஆனால் அது வேட்டை சரியாக அமையாதபோது நடப்பது. ஒரு விலங்கின் தோல்வியைப் பார்த்துவிட்டு அதுதான் அதன் உத்தி என்று எழுதுவது நியாயமா?

இங்கே ஒரு எதிர்க்கேள்வி எழும்: மானும் பன்றியும்கூட அந்தத் தீவுகளுக்கு மனிதன் கொண்டுவந்தவைதானே? ஆமாம், திமோர் மானும் காட்டுப்பன்றியும் வந்தேறிகள்தான். ஆனால் அவை கொமோடோவின் கைக்கு அடங்கும் அளவுள்ளவை. அவை வருவதற்கு முன்பும் இந்த உடும்பு பெரிய இரையோடு வாழ்ந்திருக்கிறது. ஃப்ளோரஸில் யானையின் தூரத்து உறவான குள்ள ஸ்டெகோடானின் எலும்புகளோடு கொமோடோவின் எலும்புகளும் கிடைத்திருக்கின்றன. மான், பன்றி அளவுள்ள இரை வந்தால் என்ன நடக்கிறது? காட்டுப் பாதையோரம் புதரில் அசையாமல் படுத்திருக்கும் உடும்பு, மான் ஒரு மீட்டர் தூரத்துக்கு வந்ததும் பாய்கிறது. கால் நரம்பு அறுகிறது, அல்லது வயிறு கிழிகிறது, அல்லது கழுத்து. பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. கிருமி வளர்ந்து பெருகி ஓர் உடலைச் சாய்க்க அந்த அவகாசம் போதவே போதாது.

கிருமிக் கதைக்காரர்கள் அடுத்ததாக நீட்டுவது 2002-இல் வெளிவந்த ஓர் ஆய்வு. காட்டிலும் விலங்குப் பூங்காக்களிலும் உள்ள கொமோடோக்களின் எச்சிலை எடுத்துச் சோதித்தார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்ட பாக்டீரியா வகைகள் கிடைத்தன. பெரும்பாலானவை நோய் உண்டாக்கக்கூடியவை. அந்த எச்சிலைச் சுண்டெலிகளுக்கு ஊசியில் ஏற்றியபோது எலிகள் செத்தன. செத்த எலிகளின் ரத்தத்தில் பாஸ்டுரெல்லா மல்டோசிடா என்ற பாக்டீரியா இருந்தது. கேட்பதற்குத் தீர்ப்பு எழுதிவிட்டதுபோலத்தான் இருக்கிறது. ஆனால் அதே பாஸ்டுரெல்லா வீட்டுப் பூனையின் வாயிலும் இருக்கிறது, நாயின் வாயிலும் இருக்கிறது. பூனை எலியைக் கிருமியால் கொல்கிறது என்று யாராவது சொல்வார்களா? கைக்கு அடங்கும் ஓர் எலியின் உடம்புக்குள் எச்சிலை நேரடியாக ஊசியில் ஏற்றுவது ஒன்று, ஐம்பது அறுபது கிலோ மானின் காலைக் கடிப்பது முற்றிலும் வேறொன்று. இதைவிட முக்கியமான செய்தி அந்த ஆய்விலேயே இருக்கிறது: உடும்புக்கு உடும்பு பாக்டீரியா மாறியது, காட்டில் வாழ்பவற்றுக்கும் பூங்காவில் வாழ்பவற்றுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தது. பாம்பின் நஞ்சு அந்தப் பாம்பின் உடம்பே தயாரிப்பது. ஒன்றிடம் இருந்து அடுத்ததிடம் இல்லாமல் போகிற ஒன்றை நம்பி ஓர் இனம் பல லட்சம் ஆண்டுகள் வேட்டையாடிப் பிழைத்தது என்று நம்மை நம்பச் சொல்கிறார்கள்.

2013-இல் எல்லி கோல்ட்ஸ்டீன், பிரையன் ஃப்ரை உள்ளிட்டோர் 16 பூங்காக் கொமோடோக்களின் எச்சிலையும் ஈறுகளையும் இன்னும் விரிவாகச் சோதித்தார்கள். காற்று இருந்தால் வளரும் பாக்டீரியா, காற்று இல்லாமல் வளரும் பாக்டீரியா இரண்டையும் தேடினார்கள். கிடைத்தவை, தின்ற இரையின் தோலிலும் குடலிலும் இருக்கக்கூடிய சாதாரண வகைகள். இறைச்சி தின்னும் எந்த விலங்கின் வாயிலும் எதிர்பார்க்கக்கூடியவை. இரையை வேகமாகக் கொல்லும் வீரியம் கொண்ட தனிக் கிருமி எதுவும் அங்கே இல்லை. பூங்கா உடும்பு சுத்தமான இரை தின்கிறது, காட்டு உடும்பு அப்படியா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். காட்டு உடும்பு தின்னும் முறையை ஆஃபன்பெர்க்கே எழுதி வைத்திருக்கிறார்.

கொமோடோ மானைத் தின்னும்போது குடலை அப்படியே விழுங்குவதில்லை. வாயில் கவ்விக்கொண்டு தலையை வேகமாக இரு பக்கமும் ஆட்டி, உள்ளே இருக்கும் சாணத்தைச் சிதறடித்து உதறிவிட்டுத்தான் விழுங்குகிறது. வயிறு நிறைந்த பிறகு பத்து நிமிடம், கால் மணி நேரம் உதடுகளை நாக்கால் நக்கி நக்கித் துடைக்கும். தாடையை இலைச் சருகில் இப்படியும் அப்படியும் தேய்க்கும். செரிக்காத முடியையும் கொம்பையும் குளம்பையும் நாற்றமடிக்கும் கோழையில் சுற்றிய உருண்டையாகக் கக்கியெடுக்கும்போதும், முகத்தை மண்ணிலும் புதரிலும் தேய்த்து அந்தக் கோழையைப் போக்கிக்கொள்கிறது. குட்டிகள் இந்த வெறுப்பைப் பயன்படுத்தத் தெரிந்தவை. பெரிய உடும்புகள் குட்டிகளையும் தின்றுவிடும். ஆகவே இரை கிடக்கும் இடத்துக்கு வரும் இளசுகள், சிதறிக்கிடக்கும் மலத்தில் புரண்டு உடம்பெல்லாம் பூசிக்கொள்கின்றன. பெரியவை அந்த நாற்றத்துக்கு ஒதுங்கிப் போய்விடுகின்றன. அழுக்கே ஆயுதம் என்று வாழும் விலங்கா இப்படி நடந்துகொள்ளும்?

எச்சிலில் ரத்தம் கலந்திருப்பதைப் பார்த்துத்தான் பலர் அருவருக்கிறார்கள். அந்த ரத்தம் உடும்பின் சொந்த ரத்தம். அதன் பற்கள் ஈறுக்குள் ஏறக்குறைய முழுசாகப் புதைந்திருக்கின்றன. வாயைத் திறந்து பார்த்தால் பல் இருப்பதே சட்டென்று தெரியாது. கடிக்கும்போது ஈறு கிழிந்து பல் வெளியே வருகிறது, ரத்தம் எச்சிலோடு சேர்ந்து சிவப்பாக வழிகிறது. நோயின் அடையாளமல்ல, ஒவ்வொரு சாப்பாட்டிலும் நடப்பது.

அந்தப் பல்லை நெருங்கிப் பார்த்தால் மற்ற விளக்கமெல்லாம் தேவைப்படாது. பக்கவாட்டில் தட்டையானது, பின்னோக்கி வளைந்தது, வளைவின் உட்புறம் நுண்ணிய அரம்போன்ற பற்கள். நெல்லறுக்கும் கருக்கரிவாளை நினைத்துக்கொள்ளுங்கள். கருக்கரிவாளை யாரும் ஓங்கி வெட்டுவதில்லை, தாளைப் பிடித்துத் தன்பக்கம் இழுப்பார்கள்; இழுப்பில்தான் அறுபடும். கொமோடோவும் அதேதான் செய்கிறது. அதன் தாடைக்குக் கடிக்கும் வலு மிகக் குறைவு. கணினி மாதிரியில் மண்டையோட்டைச் சோதித்தவர்கள், இதே அளவுள்ள முதலையின் கடிவலுவில் ஆறில் ஒரு பங்குகூட இதற்கு இல்லை என்று கண்டார்கள். வலுவெல்லாம் கழுத்திலும் முன்னங்கால்களிலும். பல்லைப் பதித்ததும் உடம்பை ஊன்றிக்கொண்டு தலையைப் பின்னோக்கி இழுக்கிறது. சதை நீளமாக, ஆழமாகக் கிழிகிறது. மண்டையோடும் அந்த இழுப்பைத் தாங்கும் விதத்தில்தான் அமைந்திருக்கிறது. பக்கவாட்டில் உலுக்கினால் அதற்கே ஆபத்து. எலும்பை நொறுக்கி இரையைப் பிடித்து வைத்துக்கொள்ளும் வலு இல்லாததால்தான் எருமை தப்பி ஓடுகிறது என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள்.

பல் மழுங்காமலிருக்க உடல் செய்யும் ஏற்பாடு இன்னும் வியப்பானது. சுமார் 60 பற்கள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் மாற்றுப் பற்கள் வரிசையில் காத்திருக்கின்றன. ஒவ்வோர் இடத்திலும் ஏறத்தாழ 40 நாளுக்கு ஒரு புதுப் பல் முளைக்கிறது. 2024-இல் லண்டன் ஆய்வாளர்கள் அந்தப் பற்களின் நுனியிலும் அரவிளிம்பிலும் இரும்புச் சத்து படிந்த ஆரஞ்சு நிறப் பூச்சு இருப்பதைக் கண்டுபிடித்து வெளியிட்டார்கள். கூர்மை போகாமல் அது காக்கிறது என்பது அவர்கள் கருத்து. இத்தனை ஏற்பாடும் எதற்கு? மேலோட்டமாகக் கீறிக் கிருமியை உள்ளே விடுவதற்கென்றால் இதில் நூறில் ஒரு பங்கு போதும்.

மனிதர்கள் கடிபட்ட சம்பவங்களும் இதையேதான் சொல்கின்றன. 2007-இல் கொமோடோ தீவில் எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் தாக்கப்பட்டு ரத்தம் கொட்டி இறந்தான். 2009-இல் அதே தீவில் சீத்தாப்பழம் பறிக்க மரமேறிய ஒருவர் தவறிக் கீழே விழ, அடியில் இருந்த இரண்டு உடும்புகள் குதறின. ஃப்ளோரஸுக்குக் கொண்டுபோனார்கள், ரத்தம் போயே இறந்தார். இந்த இரண்டு குடும்பங்களின் துயரத்தை வாதத்துக்கான துருப்புச்சீட்டாக்கும் எண்ணம் எனக்கில்லை. ஆனால் அவர்கள் எப்படி இறந்தார்கள் என்பதைச் சரியாகச் சொல்வது அவர்களுக்கும் நாம் செய்யும் மரியாதைதான். நாள்கணக்கில் காய்ச்சலில் கிடந்து, காயம் அழுகி அவர்கள் இறக்கவில்லை. கொமோடோ கடித்தவுடன் முதலில் செய்ய வேண்டியது ரத்தத்தை அழுத்தி நிறுத்துவது. 'கிருமிதான் கொல்லும், அதற்கு நாளாகும்' என்ற நினைப்பு, கடிபட்டவர் விஷயத்தில் ஆபத்தானது.

சரி, அப்படியானால் நஞ்சு? 2009-இல் பிரையன் ஃப்ரை குழுவினர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சிங்கப்பூர் விலங்குக் காட்சிசாலையில் பிழைக்க வழியில்லாமல் நோயுற்றிருந்த கொமோடோ ஒன்றின் கீழ்த்தாடைச் சுரப்பியை எடுத்து ஆராய்ந்தார்கள். பாதுகாத்து வைத்த தலையொன்றை எம்ஆர்ஐ ஸ்கேன் செய்து பார்த்தார்கள். சுரப்பிக்குள் பல அறைகள், அவற்றின் குழாய்கள் பற்களுக்கிடையே திறக்கின்றன. சுரக்கும் புரதங்களில் சில ரத்தம் உறைவதைத் தடுப்பவை, சில ரத்த அழுத்தத்தைச் சட்டென்று இறக்குபவை. பாக்டீரியாக் கதைக்கு விழுந்த பெரிய அடி இது. உடனே ஊடகங்கள் ஒரு பொய்யை இறக்கிவிட்டு அதே பீடத்தில் இன்னொன்றை ஏற்றின: 'கொமோடோ விஷப் பல்லி' என்று தலைப்புகள் வந்தன.

அதையும் நான் ஏற்கவில்லை. சுரப்பி இருக்கிறது, புரதங்கள் இருக்கின்றன, அதில் ஐயமில்லை. ஆனால் நாகப்பாம்புபோல நஞ்சைச் செலுத்த இதற்குத் துளையுள்ள பல் இல்லை, வரிப்பள்ளமுள்ள பல்லும் இல்லை. கர்ட் ஷ்வெங்க் போன்ற ஊர்வன ஆய்வாளர்கள் அப்போதே கேட்டார்கள்: இவ்வளவு பெரிய காயத்தில் ரத்தம் போவதே மானைச் சாய்க்கப் போதாதா, இந்தப் புரதங்களுக்கு வாயில் வேறு வேலை இருக்கக்கூடாதா என்று. வேட்டையில் நஞ்சின் பங்கு எவ்வளவு என்பதில் இன்றும் ஆய்வாளர்கள் ஒத்துப்போகவில்லை. என்னைக் கேட்டால், முதன்மை ஆயுதம் பல்தான், நஞ்சு அதற்குத் துணை. வெட்டுப்பட்ட இடத்தில் ரத்தம் நிற்காமல் ஓட உதவுகிறது. 2019-இல் கொமோடோவின் மரபணுத்தொகுதியைப் படித்தவர்கள், ரத்தம் உறைதலுக்கான மரபணுக்களில் தனியான மாற்றங்களைக் கண்டார்கள். தங்களுக்குள் சண்டையிட்டுக் கடித்துக்கொள்ளும்போது அந்தச் சுரப்பிலிருந்து தங்களைக் காத்துக்கொள்ள இவை உதவலாம் என்றார்கள். ரத்தமே இந்த விலங்கின் கதையின் மையம் என்பதற்கு இதுவும் ஓர் அடையாளம்.

கிருமிக் கதைக்காரர்களிடம் மிச்சமிருக்கும் வாதம் ஒன்று: கொமோடோவின் ரத்தத்தில் பாக்டீரியாவைக் கொல்லும் பொருள்கள் இருக்கின்றனவே, தன் வாய்க் கிருமியிலிருந்து தப்பத்தானே அவை? அந்தப் பொருள்கள் இருப்பது உண்மைதான். ஆனால் முதலைகளுக்கும் அப்படிப்பட்ட பொருள்கள் உண்டு. செத்ததையும் தின்று, ஒன்றையொன்று கடித்துக்கொண்டு, காயத்தோடு திரியும் பெரிய ஊர்வனவற்றுக்கு வலுவான எதிர்ப்புசக்தி வேண்டியிருக்கிறது. முதலையை யாரும் கிருமி வேட்டைக்காரன் என்று அழைக்கவில்லை.

இத்தனை ஓட்டைகள் இருந்தும் இந்தக் கதை ஏன் சாகவில்லை? ஊர்வன என்றால் மந்தமானவை, அழுக்கானவை, மூளையில்லாதவை என்று நாம் முன்பே முடிவு செய்து வைத்திருப்பதால்தான். வேகமாகப் பாய்ந்து, திறமையாகக் கொல்லும் ஒரு பல்லியை அந்த முடிவில் பொருத்த முடியவில்லை. கடித்துவிட்டுச் சும்மா காத்திருக்கும் அழுக்குப் பிராணி பொருந்திவிடுகிறது. உடும்பினங்களின் உடலமைப்போ இதற்கு நேர் எதிர். சாதாரணப் பல்லிகளுக்கு ஓடும்போது சரியாக மூச்சுவிட முடியாது. ஓட்டத்துக்கும் மூச்சுக்கும் ஒரே விலாத் தசைகள். உடும்புகள் தொண்டையை விரித்துச் சுருக்கிக் காற்றை நுரையீரலுக்குள் தள்ளுகின்றன என்று 1999-இல் காட்டினார்கள். அவற்றின் நுரையீரலில் காற்று, பறவைகளில்போல, ஒரே திசையில் ஓடும் பகுதிகள் உண்டு என்று 2014-இல் ஆப்பிரிக்கப் புல்வெளி உடும்பில் கண்டார்கள். கொமோடோவின் மரபணுத்தொகுதியிலும் செல்லின் ஆற்றல் உற்பத்தியோடு தொடர்புள்ள மரபணுக்கள் தேர்ந்தெடுக்கப்பட்டு மாறியிருக்கின்றன. வேகத்துக்காகவும் தாக்குப்பிடிக்கும் உழைப்புக்காகவும் உருவான உடம்பு இது.

மூளையில்லாதது என்பதும் அப்படித்தான். வாஷிங்டன் தேசிய விலங்குக் காட்சிசாலையில் இருந்த கிராக்கன் என்ற பெண் கொமோடோவை கார்டன் பர்க்ஹார்ட்டும் சகாக்களும் கவனித்தார்கள். பராமரிப்பாளரின் சட்டைப்பையிலிருந்து நோட்டுப் புத்தகத்தை மெல்ல உருவியெடுக்கும். ஷூவையும் வாளியையும் கவ்விக்கொண்டு திரியும். ரப்பர் வளையத்தோடு விளையாடும். இரையைப் பிடிக்கும் முறைக்கும் இந்த விளையாட்டுக்கும் நடையிலேயே வித்தியாசம் தெரிந்தது. அதற்கும் முன்னால், 1920-களின் கடைசியில் லண்டன் விலங்குக் காட்சிசாலையின் ஊர்வனப் பிரிவுத் தலைவர் ஜோன் ப்ராக்டர், 'சும்பாவா' என்ற கொமோடோவைக் கூடவே நடக்க வைத்துப் பார்வையாளர்களை அதிசயிக்க வைத்தார். அறிஞர்கள் கூடிய சபையில் அதைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே கோழியும் முட்டையும் ஊட்டிக் காட்டினார். அப்போதே தெரிந்த உண்மை இது. காட்டிலும், தாய் உடும்பு காட்டுக்கோழி இனமொன்று குவித்து வைத்த மேட்டில் முட்டையிட்டு, பிற உடும்புகள் தோண்டிவிடாமல் மாதக்கணக்கில் அருகிலேயே காத்துக்கிடக்கிறது.

தீவில் தனிமைப்பட்டதால் வீங்கிப் பெரிதான பிராணி என்ற இன்னொரு கதையும் உண்டு. அதற்கு அதிக இடம் தரத் தேவையில்லை. ஆஸ்திரேலியாவில் 38 லட்சம் ஆண்டுகள் பழமையான கொமோடோப் புதைபடிவங்கள் கிடைத்திருக்கின்றன. இந்தத் தீவுகளுக்கு வந்து சேரும்போதே அது பெரிய விலங்காகத்தான் இருந்தது.

'போகட்டுமே, ஒரு பல்லியைப் பற்றி மக்கள் தப்பாக நினைத்தால் யாருக்கு என்ன நட்டம்?' என்று கேட்பவர்கள் உண்டு. நட்டம் இருக்கிறது. நம் ஊர் உடும்பைப் பற்றியும் தப்பாக நினைத்துத்தான் கொழுப்புக்கும் கறிக்கும், மந்திர வேர் என்று விற்கும் உலர்ந்த உறுப்புக்கும் அதைக் கொல்கிறார்கள். வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருந்தும் அந்த வியாபாரம் நிற்கவில்லை. கொமோடோ விஷயத்தில் நட்டம் வேறு மாதிரியானது. எச்சிலிலேயே சாவை வைத்திருக்கும் பிராணிக்கு எதையும் வீழ்த்தித் தின்ன முடியும், அது எப்படியும் பிழைத்துக்கொள்ளும் என்று தோன்றிவிடுகிறது. உண்மையில் அதன் உயிர் மானை நம்பித் தொங்கிக்கொண்டிருக்கிறது. பல்லால் அறுத்து ரத்தத்தால் கொல்லும் வேட்டைக்காரனுக்குத் தன் அளவுக்கு ஏற்ற இரை வேண்டும். கொமோடோ தேசியப் பூங்காவில் உள்ள கிலி மோத்தாங் என்ற சிறு தீவில் மான்கள் குறைவு. அங்குள்ள கொமோடோக்கள் உருவத்திலேயே சிறியவை. ரிஞ்சாவில், கொமோடோவில், மான் நிறைந்த பள்ளத்தாக்குகளில் அவை பெரிதாக வளர்கின்றன. பாடார் தீவில் 1970-களின் நடுவோடு கொமோடோக்கள் இல்லாமல்போயின. மான்களைத் திருட்டு வேட்டையாடியதுதான் அதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது.

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2021-இல் கொமோடோவை அழியும் ஆபத்திலுள்ள இனமாக வகைப்படுத்தியது. கடல் மட்டம் உயர்ந்தால் அடுத்த 45 ஆண்டுகளில் அதன் வாழிடத்தில் குறைந்தது 30 விழுக்காடு போய்விடும் என்பது அப்போது சொன்ன காரணங்களில் ஒன்று. தாழ்வான பள்ளத்தாக்குகள்தான் முதலில் போகும். மான்கள் மேய்வதும் அங்கேதான், அந்தப் பாதையோரப் புதர்களில் கொமோடோ காத்துக்கிடப்பதும் அங்கேதான். ஃப்ளோரஸின் வடக்குக் கரையில், பூங்கா எல்லைக்கு வெளியே, ஊர்களுக்கும் ஆட்டுப்பட்டிகளுக்கும் நடுவே வாழும் கொமோடோக்களின் நிலை இன்னும் மோசம். அங்கே காட்டை எரிக்கிறார்கள், மானைச் சுடுகிறார்கள். மான் இல்லாத உடும்பு ஆட்டைத் தேடி வருகிறது. அந்த ஆட்டுக்காரரிடம் போய் 'உன் ஆட்டைத் தின்பது கிருமி சுமக்கும் அழுக்குப் பிராணி' என்று சொன்னால் அவர் கையில் தடியை எடுப்பார். காட்டில் மானை விட்டுவைத்தால் உடும்பு பட்டிக்கு வரத் தேவையிருக்காது என்பதைத்தான் அவரிடம் பேச வேண்டும்.